அரைப்பேர்

லண்டனில் நள்ளிரவு என்றால்
பொகவந்தலாவையில் விடிய நாலரை.
கணக்குப் போட்டு வைத்திருந்தேன்,
சம்பளக் கணக்கைவிடக் கவனமாக.

மூன்றாம் ரோதைக்கு இலை கொட்டிவிட்டு
இடது காதில் மட்டும் ஒரு வயர்.
வலது காது கம்பெனிக்கு.
பெல்ட் கழன்றால் கேட்கவேண்டும்,
டீமேக்கர் நவரட்ணராஜா கத்தினால் கேட்கவேண்டும்.

ஆஷ் லேன் ஃபைவ்.
பெயரில் இன்னும் ஐந்து.
ஆள் மூன்று.
பாடுகிறவருக்கு எண்பது தாண்டிவிட்டது,
கிட்டார்க்காரருக்கு விரலில் வாதம்,
பேஸ்காரர் மட்டும் அட்டைப் படத்தில் சிரிக்கிறார்,
பல்செட் புதிது போல.
பதினெட்டு வருடம் கழித்து ஓர் ஆல்பம்.

இவர்கள் எனக்குக் கிடைத்தது ஒரு விபத்து.
பெரிய பங்களா சாமான்களை ஏலம் விட்ட அன்று
முந்நூறு ரூபாய்க்கு எடுத்த டேப் ரெக்கார்டரின் வாயில்
மாட்டிக்கொண்டு கிடந்தது ஒரு கேசட்.
கத்தியால் நெம்பியும் வரவில்லை.
ஒன்றரை வருடம் அதை மட்டுமே கேட்டோம்.
பக்கத்துக் காம்பிரா சவரியம்மா
சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சுவரைத் தட்டித் தட்டிக்
கடைசியில் தாளத்துக்கே தட்டத் தொடங்கிவிட்டாள்.

இப்போது அந்தக் குரல்
அடிப்பிடித்த பானையைச் சுரண்டுகிறது.
கேசட்டில் எட்டிய மேல் சுரத்துக்கு
இனி ஏறுவதில்லை.
பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி
இங்கிருந்தே பார்த்துக்கொள் என்கிறது.

இரண்டாம் பாட்டு முழுக்க உழைப்பு.
முதுகு ஒடிந்தது, கை காய்த்தது, கடன் தீரவில்லை.
உனக்கு எங்கே ஐயா கை காய்த்தது,
சரே பக்கம் குதிரை வளர்க்கிறாயாமே
என்று பாட்டிடம் கேட்டேன்.
அது வேறு யாரோ
பருத்திக் காட்டில் பாடிய துக்கம்.
கைமாற்றாக வாங்கிப்போய்
அறுபது வருடமாய்த் திருப்பிக் கொடுக்கவில்லை.
ஆல்பத்தின் பெயருக்கு நிலுவை என்று அர்த்தம் வருகிறது.
தெரிந்துதான் வைத்தாரோ என்னவோ.
நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை நான்.

ஏழாவதில் டிரம்ஸ் இல்லை.
போன பங்குனியில் செத்துப்போனார் டிரம்ஸ்காரர்.
வேறு ஆள் வைக்காமல்
அவர் இடத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.
கிட்டார் ஒரு வரி,
பிறகு நாலு தட்டுக்கு வெறுமை,
மறுபடி ஒரு வரி.
அந்தக் குழிக்குள்
என் வலது காது வழியாக
மூன்றாம் ரோதை இறங்கியது.

சுத்தமான தாளம் என்று சொல்லமாட்டேன்.
பெல்ட் தளர்ந்து ஒரு மாதம்;
நாலாவது தட்டு நொண்டிக்கொண்டுதான் வரும்.
ஆனால் அடுத்த வரிக்குப்
பாடுகிறவரும் பிந்தித்தான் வந்தார்.
யாருக்காகக் காத்திருந்தாரோ.

ரோதையைத் திறக்க மறந்துபோனேன்.
இலை அதிகமாய் நசிந்து சூடேறிவிட்டது.
நவரட்ணராஜா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்,
என்னை ஒன்றும் கேட்காமல்
புத்தகத்தில் ஏதோ எழுதினார்.
எட்டாவது பாட்டின் நடுவில் டேட்டாவும் தீர்ந்தது.

லயத்துக்குப் போனபோது
இலஞ்சியம் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டிருந்தாள்,
பிரட்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில்.
அவள் போனில் மிச்சம் இருந்தது.
வயர் இல்லாமல், சத்தமாகவே
ஏழாவதைப் போட்டேன்.

நின்று கேட்டாள்.
"ஏன் இந்தக் கெழவன் இப்பிடி அழுவுறான்?
அரைப்பேரு போட்டுட்டாங்களா?"

"ஆமா."

"எத்தன கிலோ கொறைச்சல்?"

"ரெண்டு ஆளு."

தலைக்கயிற்றைச் சரிசெய்த கை
ஒரு கணம் அங்கேயே நின்றது.
"பேச்சப் பாரு" என்று
கூடையும் போனுமாக இறங்கிப் போனாள்.

அணைக்கத் தெரியவில்லையோ, மறந்தாளோ,
ஆறாம் நம்பர் மலை வளைவுவரை கேட்டது,
ஏற முடியாத அந்தக் குரல்
அவள் இடுப்பில் ஏறிப்போவது.